உறுப்பிழப்பும் சபூரும்: மனம் பழகும் விதம் பற்றி

எங்கள் கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கில் 'ஏலாத ஆள்' என்றொரு சொற்றொடர் உண்டு. ஏலாது என்றால் முடியாது. எது முடியாது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. கால் இல்லாதவரும் ஏலாத ஆள்தான், கண் தெரியாதவரும் ஏலாத ஆள்தான். ஓர் எதிர்மறைப் பெயரெச்சம் மனிதன் முழுவதையும் மூடிவிடுகிறது. அரச படிவங்களில் 'அங்கவீனர்' என்கிறார்கள். பத்திரிகைகளில் 'மாற்றுத்திறனாளி' என்கிறார்கள். பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. ஆனால் காலை இழந்த ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் தனியே இருக்கும்போது அவருடைய மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் கதைப்பது மிகக் குறைவு.

அதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, நான் பாடசாலை ஆசிரியன்; வாசித்து விளங்கியதை எளிமையாகச் சொல்வது என் தொழில். மற்றது, ஒன்பது வருடங்களுக்கு முன், எனக்கு 36 வயதாக இருந்தபோது, வீதி விபத்தொன்றில் அடிபட்டு என் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. அந்த வாட்டில் காலை இழந்து கிடந்தவர்களில் விபத்தில் வந்தவன் நான் மட்டும்தான். மற்ற எல்லோரும் சீனி வருத்தக்காரர்கள். நரம்பு மரத்துப்போன பாதத்தில் முள்ளோ ஆணியோ குத்தியது தெரியாமல் நடந்து, புண் ஆறாமல், அழுகல் மேலே ஏறி, கடைசியில் காலையே எடுக்கவேண்டி வந்தவர்கள். நம்மிடையே சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது யாரோ சிலருடைய கதையன்று.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றுள் ஏதாவதொன்றில் சிரமம் உள்ளவர்கள். நமது ஜும்ஆவில் அந்த விகிதத்தில் அவர்களைக் காண்கிறோமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இல்லாத காலின் வலி

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவு என் வலது பெருவிரலில் கடி எடுத்தது. சொறியக் கையை நீட்டினேன். அங்கே வெறும் விரிப்புத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த காக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்கும் இப்பிடித்தான். வெளியில சொல்லிராதீங்க. ஜின் கோளாறு எண்டு சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போயிருவாங்க."

அவர் பயந்தது ஜின்னுக்கல்ல, சனத்துக்கு. உறுப்பை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த உணர்வு வருகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை வைத்தியர் அம்புருவாஸ் பாரே இதைப் பற்றி எழுதினார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கைகால் இழந்த போர்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிச்சேல், 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை இட்டார்.

காரணம் இதுதான். நமது மூளையில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலை எடுத்தாலும் மூளையில் காலுக்குரிய அந்த இடம் அப்படியே இருக்கும். வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் சும்மா இருப்பதில்லை. அவை அனுப்பும் செய்தியை மூளை 'கால் வலிக்கிறது' என்றே வாசிக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் இதற்கு எளிமையான ஒரு கண்ணாடிப் பயிற்சியை அறிமுகப்படுத்தினார். காலிழந்தவர்கள் அதைச் செய்யும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே நிலைக்கண்ணாடியை வைத்து, இருக்கும் காலை அசைப்பார்கள். கண்ணாடியில் தெரியும் நிழல் இல்லாத காலின் இடத்தில் அசைவதைப் பார்க்கப் பார்க்க, சிலருக்கு வலி குறைகிறது. எல்லோருக்கும் குறைவதில்லை. மருந்துகளும் உண்டு, மிச்சக் காலை இறுகச் சுற்றிக் கட்டுவதும் தடவிக் கொடுப்பதும் சிலருக்கு உதவும்.

மனதைப் பற்றிய கட்டுரையில் நரம்பைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். எனக்கு விசர் பிடிக்கிறதோ என்ற பயம், இயன்மருத்துவர் இந்த விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் சொன்ன அன்றே போய்விட்டது. வலி போகவில்லை, பயம் போனது. மனம் பழகத் தொடங்குவதற்கு முதலில் பயம் இறங்க வேண்டும். ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓதுங்கள். அதோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

துக்கம் படிப்படியாய்ப் போவதில்லை

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருவதை நாம் கேட்டிருக்கிறோம்: மறுப்பு, கோபம், பேரம்பேசல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல். இது எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்ற மனநல வைத்தியர் 1969இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அவர் எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பிற்பாடு அதை எல்லா இழப்புகளுக்கும் பொருத்தி, ஏணிபோல் ஆக்கிவிட்டார்கள். காலிழந்தவருக்கு அந்த ஏணி சரிவருவதில்லை. மரணத்தை எதிர்பார்த்திருப்பவரின் பயணம் ஒரு முடிவை நோக்கியது. காலிழந்தவரோ நாளைக் காலையும் எழும்பி, மலசலகூடத்துக்குப் போய், ஒழுச் செய்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும்.

ஆகவே துக்கம் போய்ப் போய் வரும். ஆறு மாதம் ஒன்றும் இல்லாமல் இருக்கும். பிறகு பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கப் போன கடையில் திடீரென்று தொண்டை அடைக்கும். மாரி மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும்போது, பொடியன்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்தால் வரும். இது பின்னடைவு அல்ல. பழகிய மனதுக்கும் இப்படி வரும்.

'காலம் எல்லாத்தையும் ஆத்தும்' என்ற வார்த்தையும் பாதி உண்மைதான். 1978இல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லொத்தரில் பெரும்பணம் வென்ற 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், இரண்டும் நேராத 22 பேர் ஆகியோரிடம் அவர்களுடைய மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். லொத்தர் வென்றவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. விபத்தில் செயலிழந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைந்தவர்கள்தான். ஆனால் நாம் கற்பனை செய்யும் அளவுக்குத் துயரத்தில் மூழ்கிக் கிடக்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் சிலரே என்றாலும், இரு பக்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. நோயாளிக்கு: இன்று தோன்றுவதுபோல் எப்போதும் இராது. சுற்றியிருப்போருக்கு: காலம் தானாக எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

சபூர் என்று எதைச் சொல்கிறோம்?

நோய் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் 'சபூர்'. "சபூர் செய்ங்க சேர், அல்லாஹ்ட நாட்டம்." சொல்பவரின் மனதில் அன்பு இருக்கிறது; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருநாளில் இருபது பேர் சொல்லும்போது, கேட்பவருக்கு அது 'அழாத, கதைக்காத' என்றே விளங்கத் தொடங்குகிறது. அழுதால் ஈமான் குறைந்துவிட்டது என்று நினைப்பார்களோ என்று, மனைவியிடம்கூட மறைத்து, போர்வைக்குள் அழுதவர்களை அந்த வாட்டில் கண்டிருக்கிறேன்.

குர்ஆனில் அழகிய பொறுமை என்ற சொல்லைச் சொல்பவர் நபி யஃகூப் (அலை) அவர்கள். மகன் யூஸுஃபை இழந்த செய்தி வந்தபோது சொல்கிறார்கள். அதே அத்தியாயத்தில், அதே நபி, துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் நிலைக்கு வந்ததையும், தமது கவலையை அல்லாஹ்விடம் முறையிடுவதாகச் சொல்வதையும் காண்கிறோம். பொறுமையும் கண்ணீரும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. நபி (ஸல்) அவர்களும் தமது மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். கேட்டவர்களுக்கு அதை இரக்கம் என்று விளக்கினார்கள். ஆகவே கண்ணீரைத் தடுப்பதற்குச் சபூரைப் பாவிப்பது, அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் அநியாயம்.

மற்றவர் பார்வை செய்யும் வேலை

இரண்டாம் உலக யுத்தத்தில் உறுப்பிழந்தவர்களிடம் விரிவாகக் கதைத்து, தமாரா டெம்போ, பியட்ரிஸ் ரைட் முதலிய உளவியலாளர்கள் 1950களில் சில கருத்துகளை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டவை அவைதான்.

ஒன்றைப் 'பரவல்' என்று தமிழில் சொல்லலாம். ஒரு காலில் உள்ள குறை, பார்ப்பவரின் கண்ணில் முழு மனிதனுக்கும் பரவிவிடுகிறது. கால் இல்லாதவரிடம் சத்தமாகக் கதைப்பார்கள், காது கேட்காதவர்போல. கலியாண வீட்டில் நான் கதிரையில் இருக்க, பக்கத்தில் நின்ற என் மகனிடம் கேட்டார்கள்: "வாப்பா தேத்தண்ணிக்கு சீனி போடுவாரா?" சிரிப்பாக இருக்கும். ஆனால் இது உலகம் முழுவதும் நடப்பது. பி.பி.சி. வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பல வருடங்கள் நடந்த நிகழ்ச்சிக்கே, இவர் சீனி சேர்த்துக்கொள்வாரா என்று பொருள்படும் கேள்வியைத்தான் பெயராக வைத்திருந்தார்கள். இப்படிப் பத்துத் தரம் நடந்தால் அந்தப் பரவல் நமக்குள்ளும் புகுந்துவிடும். 'எனக்குக் கால் ஏலாது' என்பது 'நான் ஏலாத ஆள்' என்று மாறிவிடும்.

மற்றதை ரைட் துக்கக் கட்டாயம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். இழந்தவர் துக்கமாகவே இருக்க வேண்டும் என்று சுற்றியிருப்போர் தம்மையறியாமல் எதிர்பார்க்கிறார்கள். ஆசிரியர் அறையில் ஒரு பகிடிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தபோது ஒருவர், "சேர் எப்பிடித்தான் சிரிக்கிறீங்களோ" என்றார். அழுதால் சபூர் இல்லை, சிரித்தால் கவலை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க ஓர் இடம் தேவைப்படுகிறது.

தேவைப்படுகிறவர் என்ற உணர்வு

மதீனாவின் ஏழு பெரும் ஃபிக்ஹ் அறிஞர்களில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் சரிதையை நமது பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். கலீஃபா வலீதிடம் போன பயணத்தில் அவர்களுடைய காலில் அழுகல் ஏற்பட்டு, காலை அறுக்க வேண்டி வந்தது. அதே பயணத்தில் மகன் ஒருவரும் இறந்தார். அந்த நிலையிலும், எடுத்ததற்காகக் குறைப்படாமல் விட்டுவைத்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். பயான் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும்.

ஆனால் வரலாற்று நூல்களில் அதன் பின் இன்னொன்று பதிவாகியிருக்கிறது. மதீனா திரும்பிய அவர்களுக்கு ஆறுதல் சொல்லப் பலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதன் கருத்து இது: ஓட்டப் பந்தயத்துக்கும் மல்யுத்தத்துக்கும் நாங்கள் உங்களைத் தேடவில்லை, எங்களுக்குத் தேவையான உங்கள் அறிவையும் கருத்தையும் அல்லாஹ் மிச்சம் வைத்திருக்கிறான். 'நீங்கள் எங்களுக்குத் தேவை' என்பதுதான் அந்த ஆறுதலின் பொருள்.

டெம்போவும் ரைட்டும் கண்டதும் ஏறத்தாழ இதுதான். நன்றாகப் பழகிக்கொண்டவர்கள் இழந்ததை மறந்தவர்கள் அல்லர். அவர்களிடம் மதிப்பீடுகள் மாறியிருந்தன. கால் சம்பந்தப்படாத பல விடயங்கள் வாழ்க்கையில் உண்டு என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. உடம்பின் தோற்றத்துக்கும் பலத்துக்கும் கொடுத்த இடம் குறைந்திருந்தது. குறையை அது உள்ள இடத்திலேயே நிறுத்திவைக்கப் பழகியிருந்தார்கள். அடுத்தவருடனும் பழைய தன்னுடனும் ஒப்பிடுவதை விட்டு, இருப்பது என்ன வேலைக்கு உதவும் என்று பார்த்தார்கள். இந்த மாற்றங்களை யாரும் கட்டிலில் கிடந்தபடி யோசித்து அடைவதில்லை. ஒரு பொறுப்பு கையில் வரும்போதுதான் அவை நடக்கின்றன.

என் விடயத்தில் அது அதிபரின் தொலைபேசி அழைப்பாக வந்தது. "சேர், உயர்தர வகுப்புப் புள்ளைகளுக்குத் தமிழ் எடுக்க ஆளில்ல. வகுப்பைக் கீழ்மாடிக்கு மாத்தியிருக்கன். எப்ப வாறீங்க?" சுகம் விசாரித்தது அதற்குப் பிறகுதான். கதிரையில் இருந்தபடி யாப்பிலக்கணம் படிப்பித்தேன். முதல் கிழமை பிள்ளைகள் என் காலைப் பார்த்தார்கள்; இரண்டாம் கிழமை கரும்பலகையைப் பார்த்தார்கள்.

சின்னக் கேள்விகளும் பெரிய கவலைகளும்

மனக்கவலையில் பாதி, வெளியில் கேட்க வெட்கமான சின்னச் சின்னக் கேள்விகளில் இருக்கிறது. ஒழுச் செய்யும்போது இல்லாத காலுக்கு என்ன செய்வது? செயற்கைக் காலைக் கழற்ற வேண்டுமா? கதிரையில் தொழுதால் தொழுகை குறையுமா? ஒரு மௌலவி வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் விளக்கினார். கரண்டைக்கு மேலே வெட்டப்பட்டவருக்கு அந்தப் பாதத்தைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. செயற்கைக் கால் உடம்பின் உறுப்பல்ல, அதைக் கழுவ வேண்டியதில்லை. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் இருந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதை அறிந்த அன்று எனக்குப் பள்ளி திரும்பக் கிடைத்தது.

செயற்கைக் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே.சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினார்கள். மேற்கத்தியச் செயற்கைப் பாதம் சப்பாத்துப் போட்டு நடப்பவர்களுக்கானது. நம்மவர்களோ வெறுங்காலுடன் நடக்கிறோம், குந்துகிறோம், சப்பாணி கட்டி இருக்கிறோம். அதற்கேற்ற பாதம் இது. நமது நாட்டில் கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி இவ்வகைக் கால்களை வசதியற்றோருக்கு வழங்கிவருகிறது. புதுக் கால் கிடைத்த அன்றே மனம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் மாதங்களில் அது உரசும், புண்ணாக்கும், கோபம் வரும். அது காலின் கோபம், நம்பிக்கையின் குறைவல்ல.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் ஒடுக்கமானது. ஆண் காலிழந்தால் நாலு பேர் வந்து பள்ளிக்குக் கூட்டிப் போவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், சீனி வருத்தத்தில் கால் எடுத்த நாளிலிருந்து மூன்று வருடமாக வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. 'உம்மா இருக்கட்டும், நாங்க பார்க்கிறம்' என்று பிள்ளைகள் அடுப்படியையும் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்போடு செய்ததுதான். ஆனால் ஐம்பது வருடம் சமைத்த கைக்கு வேலை இல்லாமல் போனது. உயரமான ஒரு கதிரையும் தாழ்வான ஒரு மேசையும் அடுப்படியில் போட்டுக் கொடுத்தால் வெங்காயம் உரிப்பதிலிருந்தாவது தொடங்கலாம்.

துக்கம் நோயாகும்போது

துக்கத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வித்தியாசம் உண்டு. துக்கம் வந்து போகும். இடையில் பேரப்பிள்ளையைக் கண்டால் முகம் மலரும். இரண்டு கிழமைக்கு மேலாக ஒவ்வொரு நாளும் எதிலும் விருப்பமின்மை, நித்திரையின்மை, பசியின்மை, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம், செத்தால் நல்லம் என்ற பேச்சு இவை தொடர்ந்தால், அது வைத்தியம் தேவைப்படும் நோய். ஈமானின் அளவுகோல் அல்ல. பெரிய அரச வைத்தியசாலைகளில் இதற்கெனப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். மருந்தை நிறுத்திவிடுவது, சாப்பாட்டைத் தள்ளுவது போன்றவை சீனி வருத்தக்காரரிடம் காணப்பட்டால், வெறும் பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

நோய் விசாரிக்கப் போகிறவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வேறொருவரின் பெரிய துன்பத்தைச் சொல்லி ஒப்பிட வேண்டாம். என்ன பாவத்துக்குக் கிடைத்ததோ என்ற பேச்சு வாசலிலேயே நிற்கட்டும். முதல் மாதம் வீடு நிறைய வருகிறார்கள். ஆறாம் மாதம்தான் ஆள் தேவை. அப்போது போங்கள். போகும்போது ஒரு வேலையைக் கொண்டு போங்கள்: பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கேளுங்கள், கடைக் கணக்கைப் பார்க்கக் கொடுங்கள், காணி விடயத்தில் ஆலோசனை கேளுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள். பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க அங்கவீனர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை, ஹவுளுக்கு அருகில் இருந்து ஒழுச் செய்யக்கூடிய உயரத்தில் ஒரு குழாயும் கல்லும், பிடித்து எழும்ப ஒரு கம்பி, ஒரு கொமட் மலசலகூடம். மினாராவுக்குத் தீந்தை பூசும் செலவில் இவை முடியும். கதிரைகளை ஸஃப்புக்குப் பின்னால் மூலையில் ஒதுக்காமல், ஸஃப்பின் ஓரத்திலேயே போட்டு வையுங்கள்.

அந்தக் காக்கா இப்போது தன் கடை வாசலில் இருந்து கணக்கெழுதுகிறார். வாட்டில் கிடந்த காலத்தைப் பற்றிக் கேட்டால், இன்னும் சில இரவுகளில் அந்த விரல் கடிப்பதாகச் சொல்கிறார். இப்போது அதை வெளியிலும் சொல்கிறார்.